கிரவுண்ட் பேலன்ஸ்: ‘நிலச் சமநிலை’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

தங்கக் கட்டியும் பழைய நாணயமும் தேடப் பயன்படும் கருவிகளுக்கான கையேட்டைத் தமிழாக்கும்போது நான்கு சொற்களில் சிக்கி நிற்கிறேன்: கிரவுண்ட் பேலன்ஸ், டிஸ்கிரிமினேஷன், ஹாட் ராக், வி.எல்.எஃப். வரைவில் நிலச் சமநிலை, பாகுபடுத்தல், வெப்பப் பாறை, மிகத் தாழ் அலைவெண் என்று போட்டிருக்கிறேன். கருவியின் பெயருக்காக மறுபடி ஒரு சண்டை வேண்டாம், ‘உலோகங்காட்டி’ என்றே வைத்துக்கொள்வோம். காயிலுக்குச் சுருள்.

முதலில் கிரவுண்ட் பேலன்ஸ். கையேட்டு வரி இது: “கருவியை நிலச் சமநிலைப்படுத்திய பின் தேடத் தொடங்கவும்.” சரிதானா?

அன்புடன்,
க.

*

> கருவியை நிலச் சமநிலைப்படுத்திய பின்

க. ஐயா, இதைப் படிக்கிறவர் மேடுபள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, ரசமட்டம் வைக்காத குறையாகக் கருவியை ஆடாமல் நிறுத்துவார். வேலை அதுவல்லவே.

நடப்பது இதுதான். உலோகம் ஏதும் இல்லாத ஒரு திட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எந்த உலோகத்துக்கும் ஒலிக்கும் நிலையில் கருவியை வைத்து, சுருளைத் தரைக்கு 2, 3 செ.மீ. வரை இறக்கி, பிறகு 30 செ.மீ. உயரம் வரை தூக்கி, கிணற்றில் வாளி இறைப்பதுபோல் ஏழெட்டு முறை செய்யவேண்டும். இறக்கும்போது ஒலி ஏறினால் குமிழை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். தூக்கும்போது ஏறினால் மறுபக்கம். இறக்கினாலும் தூக்கினாலும் முனகல் மாறாமல் இருக்கிற இடம்தான் நமக்கு வேண்டியது. துல்லியமாக நிற்கவில்லையென்றால், இறக்கும்போது இம்மியளவு ஒலி ஏறும் பக்கமாக விடலாம். மறுபக்கம் விட்டால் ஆழத்தில் கிடக்கும் சிறு துணுக்குகள் கேட்காமலே போகும்.

ஆக, நிலமும் சமமாவதில்லை, கருவியும் சமமாவதில்லை. மண் எழுப்பும் ஒலியைக் கருவி காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகுகிறது. ‘மண்ணடக்கல்’ எப்படி?

செ.

*

‘மண்ணடக்கல்’ என்றதும் நல்லடக்கம் நினைவுக்கு வருகிறது. குழி தோண்டுகிற வேலைக்கு அது பொருத்தம்தான் என்றாலும், வேண்டாமே. ‘மண் கழிப்பு’ என்று யாராவது முன்மொழிவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதுவும் வேண்டாம். ‘மண் நீக்கம்’ என்றால் மண்வெட்டிதான் கண்முன் வரும்.

வ.

*

‘சமநிலை’யை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கருவியில் உண்மையான சமன் ஒன்று ஏற்கெனவே உண்டு, அது சுருளுக்குள். அலையை அனுப்பும் கம்பிச்சுற்றும் வாங்கும் கம்பிச்சுற்றும், ஒன்றின் புலம் மற்றதில் ஏறக்குறைய எதையும் தூண்டாதபடி இடம் பார்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். உலோகம் அருகே வந்தால் அந்தச் சமன் குலையும், அதுவே நமக்குக் கிடைக்கும் குறிப்பு. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுபோன கருவியும் இதே தூண்டல் சமன்தான். இது தயாரிக்கும் இடத்திலேயே அமைத்துப் பிசின் ஊற்றி மூடப்படுவது, பயனர் கை வைக்க முடியாது. சுருள் கீழே விழுந்து உள்ளே ஒரு சுற்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும், தட்டும்போதெல்லாம் கத்தத் தொடங்கும். அதைக் குமிழால் சரிசெய்ய முடியாது. இரண்டுக்கும் ‘சமநிலை’ என்றே பெயர் வைத்தால், பழுதான சுருளை வைத்துக்கொண்டு ஒருவர் நாள் முழுக்கக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார்.

குமிழ் செய்வது வேறு. மண்ணில் உள்ள கருமணலிலிருந்து (இரும்புத்தாது மணல்) திரும்பும் அலை, அனுப்பிய அலையைவிட மிகச் சிறிதளவே பின்தங்கி வரும். கடத்தும் உலோகத்திலிருந்து வருவது கூடுதலாகப் பின்தங்கும். மண்ணின் பின்தங்கல் எவ்வளவோ அதைக் கருவிக்குச் சொல்லிக் கொடுத்து, அந்தக் கோணத்தில் வருவதெல்லாம் சுழியாகும்படி அளவுகோலைத் திருப்புகிறோம். மண்ணால் வந்ததை ஈடுகட்டுகிறோம், அவ்வளவே. எனவே ‘மண்ணீடு’.

நி.

*

பழைய நூல்களில் மண்ணீட்டாளர் என்றால் சுதையில் உருவம் செய்கிறவர். ஆனாலும் ‘ஈடுசெய்’ என்பது எல்லோர் வாயிலும் உள்ள வினை. பிரித்து ‘மண் ஈடு’ என்றே எழுதினால் குழப்பம் வராது. வினையாக்கினாலும் முறியவில்லை: மண் ஈடுசெய்தல், தானியங்கு மண் ஈடு, தொடர் மண் ஈடு. சுருளுக்குள் இருப்பதற்குச் ‘சுருள் சமன்’. எனக்குச் சம்மதம்.

வ.

*

எனக்கும் சம்மதம். ஆனால் ‘தொடர் மண் ஈடு’ வரும் இடத்தில் ஓர் எச்சரிக்கை சேருங்கள். நடக்க நடக்கக் கருவி தானே மண்ணைக் கற்றுக்கொள்ளும் நிலை அது. ஐயமான மெல்லிய ஒலி ஒன்றின்மேல் சுருளைத் திரும்பத் திரும்ப ஆட்டினால், கருவி அந்தத் தங்கத்தையும் மண் என்று எண்ணி ஈடுசெய்துவிடும். ஒலி கேட்டதும் அந்த நிலையைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வீச்சு.

ஈரமான உப்பு மண்ணிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். உப்புநீர் மின்சாரம் கடத்துவதால் அதன் பின்தங்கல் மெல்லிய தங்கத்தின் பின்தங்கலுக்கு அருகில் விழுகிறது. ஒற்றை அலைவெண் கருவியில் உப்பை ஈடுசெய்தால் நுண்ணிய தங்கமும் சேர்ந்தே போகும். அங்கே பல அலைவெண் கருவிதான் தேவை.

‘வெப்பப் பாறை’யை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், யாராவது கையில் தொட்டுப் பார்ப்பார். அந்தக் கல் சுடுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணைவிட இரும்புத்தாது கூடுதலாகவோ வேறு வகையாகவோ உள்ள கல், அவ்வளவுதான். மண்ணுக்குச் செய்த ஈடு அதற்குப் பொருந்தாததால் ஒலிக்கிறது. அதே கல் வேறொரு மண்ணில் கிடந்தால் வாய் திறக்காமலும் இருக்கலாம். ‘ஏய்ப்புக்கல்’ என்று கேட்டதும் புரியும். உலோகத்தின் ஒலி கூர்மையாக, இடமிருந்து வலம் வந்தாலும் வலமிருந்து இடம் வந்தாலும் ஒரே இடத்தில் எழும். ஏய்ப்புக்கல்லின் ஒலி அகன்று, விளிம்பு தெரியாமல் வரும். ஐயம் தீராவிட்டால் மேல்மண்ணைக் காலால் தள்ளிவிட்டு மறுபடி துழாவினால் போதும், கல்லென்றால் பெரும்பாலும் ஒலியும் கல்லோடு நகர்ந்திருக்கும்.

செ.

*

செ. அவர்களுக்கு நன்றி. ஏய்ப்புக்கல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்தது டிஸ்கிரிமினேஷன். ‘பாகுபாடு’ என்பதற்குச் சமூகத்தில் வேறு கனம் இருப்பதால் ‘தரம்பிரித்தல்’ என்று மாற்றலாமா?

க.

*

கூடாது. எல்லாச் சொற்களிலும் இதில்தான் மிகவும் கவனம் தேவை. பெயர் தவறினால் பொருளே போய்விடும்.

தரம்பிரித்தல் என்றால் நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் கருவி எடுத்துவைக்கிறது என்று பொருள். கருவிக்கு எது தங்கம் என்று தெரியாது. அது அளப்பது பின்தங்கலை மட்டுமே, அதைத்தான் திரையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அந்தப் பின்தங்கலை உலோகத்தின் கடத்துதிறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. பருமன், வடிவம், கலப்பு எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் குளிர்பான டப்பாவின் இழுவளையமும் திரையில் ஒரே பகுதியில் விழும். மோதிரம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் சுழல்மின்னோட்டம் முழு வட்டம் சுற்ற வழியின்றி எண் இன்னும் கீழே இறங்கும். சங்கிலி அதைவிட மோசம், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு பொருளாகவே தெரிவதால் கனமான சங்கிலிகூட மெல்ல முனகும். எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு: சோடாப் புட்டியின் தகர மூடி இரும்புதான், ஆனாலும் தட்டையாக இருப்பதால் நல்ல நாணயம்போல் எண் காட்டும். ஆழத்தில், கருமணல் மிகுந்த மண்ணில் கிடக்கும் தங்கக் கட்டியோ மண்ணின் குறிப்போடு கலந்து இரும்பு எண்ணுக்கு இழுபட்டுவிடும்.

எனவே இரண்டு செயல்களைப் பிரித்துப் பெயரிட வேண்டும். திரையில் எண் காட்டுவது ஒன்று. அது வெறும் குறிப்பு, ‘குறியெண்’ போதும். ‘உலோக எண்’ என்று எழுதினால் நம்பிவிடுவார்கள். குறிப்பிட்ட எண்களுக்கு ஒலிக்காதே என்று கருவியின் வாயை அடைப்பது மற்றொன்று. டிஸ்கிரிமினேஷன் என்பது இந்த வாயடைப்புதான். ‘ஒலிவிலக்கு’ என்கிறேன். இரும்பு விலக்கு, இடையில் உள்ள சில எண்களை மட்டும் விலக்கும் இடைவிலக்கு என்று கிளைகளும் இயல்பாக வரும். இழுவளையத்துக்கு இடைவிலக்கு வைத்தவர் மோதிரத்துக்கும் வைத்திருக்கிறார் என்பது அந்தச் சொல்லைப் படிக்கும்போதே உறைக்கவேண்டும்.

நாணயம் தேடுகிறவர் குப்பை நிறைந்த இடத்தில் இரும்பு விலக்கோடு போகலாம். பல நாட்டு நாணயங்கள் இன்று எஃகு என்பதால் புது நாணயங்கள் சில அதில் தப்பும், பழைய வெள்ளியும் செம்பும் தப்பாது. தங்கக் கட்டி தேடுகிறவர் ஒலிவிலக்கை அணைத்துவிட்டு, ஒலித்ததையெல்லாம் தோண்டவேண்டும். வேறு வழியில்லை.

நி.

*

‘விலக்கு’ வரிவிலக்கை நினைவூட்டாதா என்று முதலில் தயங்கினேன். அங்கும் ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் பொருள். இருக்கட்டும்.

வி.எல்.எஃப்பை அப்படியே பெயர்க்கவேண்டுமா?

வ.

*

வேண்டாம். வானொலிக்காரர்கள் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டைக்கு வைத்த பெயர் அது. சிறு தங்கத்துக்கென்றே வந்த மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000 இயங்குவது 45இல், ஃபிஷர் கோல்டு பக் 2 இயங்குவது 71இல். இரண்டுமே அந்தப் பட்டைக்கு வெளியே இருந்துகொண்டு அந்தப் பெயரோடு விற்பனையாகின்றன. ஆங்கிலத்தில் நேர்ந்த பிழையை நாம் ஏன் சுமக்கவேண்டும்? வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியது, கருவி அலையை விடாமல் அனுப்புகிறதா, விட்டுவிட்டு அனுப்புகிறதா என்பதே. முன்னது தொடரலைக் கருவி, பின்னது துடிப்புக் கருவி.

துடிப்புக் கருவி ஒரு மின்துடிப்பைச் சட்டென நிறுத்திவிட்டு, ஏறக்குறைய 10 மைக்ரோநொடி கழித்து எதிரொலியைக் கேட்கும். மண்ணின் எதிரொலியில் பெரும்பங்கு அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தின் சுழல்மின்னோட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கருமணல் மிகுந்த மண்ணில் ஆழமாகக் கிடக்கும் கட்டிக்கு இதுவே ஏற்றது. ஆனால் இரும்பு விலக்கு இதில் நம்பத்தகாதது, ஆணி நிறைந்த இடத்தில் இதைத் தூக்கிக்கொண்டு போனால் முதுகுவலிதான் மிஞ்சும். நாணயத்துக்கு 5 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் தொடரலையோ பல அலைவெண் கருவியோ போதும். அரிசியளவு தங்கத்துக்கு 18க்குக் குறையாமல் பார்க்கவேண்டும், உயர உயர நல்லது.

நி.

*

சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘டபுள் டி’யை ‘இரட்டை டி’ என்றே விடுங்கள், அது எழுத்தின் வடிவம். அதன் புலம் முன்னிருந்து பின்னாகக் கத்தி அலகுபோல் இறங்குவதால் கெட்ட மண்ணில் அமைதியாக இருக்கும். ‘கான்சென்ட்ரிக்’குக்கு ‘ஒருமையச் சுருள்’. அதன் புலம் கூம்புபோல் குவிவதால் ஆழம் கூடக்கூடத் துழாவும் அகலம் குறையும். வீச்சுக்கு வீச்சு சுருளின் அகலத்தில் பாதி மேற்படியவேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். புதியவர்கள் வீச்சின் இரு முனையிலும் ஊஞ்சல்போலச் சுருளைத் தூக்கிவிடுவார்கள். 5 செ.மீ. தூக்கினால் 5 செ.மீ. ஆழம் போயிற்று.

செ.

*

இதுவரை ஒப்பியதை வைத்து, கையேட்டின் ஒரு பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

“மண் ஈடு செய்து முடித்ததும் ஒலிவிலக்கை அணைக்கவும். சுருளைத் தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் மட்டமாக வைத்து மெல்லத் துழாவவும். முனகல் எழுந்து அடங்கினால் அதே இடத்தைக் குறுக்கேயும் துழாவி, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தோண்டவும். தோண்டிய மண்ணை உலோகக் கரண்டியில் அள்ளிச் சுருளின்மேல் காட்டவும். ஒலித்தால் பாதியைக் கொட்டிவிட்டு மீண்டும் காட்டவும்.”

க.

*

ஐயா, ‘உலோகக் கரண்டி’யை எடுத்துவிட்டு ‘பிளாஸ்டிக் கரண்டி’ என்று போடுங்கள். உலோகக் கரண்டி என்றால் ஒவ்வொரு முறையும் கரண்டியேதான் ஒலிக்கும். கையில் மோதிரம், கடிகாரம் இருந்தாலும் இதே கதை. மண்ணைப் பாதியாக்கும் இடத்தில் இன்னும் ஒரு வரி வேண்டும்: கொட்டிய பாதியைத் தனியாக வைக்கவும், குழிக்குள் தள்ளவேண்டாம். கரண்டியில் இருப்பது ஒலிக்கவில்லையென்றால் தங்கம் கொட்டியதில்தான் இருக்கும்.

செ.