மறு: இம்பாக்ட் ரெஞ்சுக்கு என்ன சொல்? ‘அடிமுறுக்கி’யை முன்வைக்கிறேன்

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். இறுகிய நட்டை அடித்தடித்துக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் மறுமொழி. பற்றரியில் ஓடும் அந்தக் கருவியை வாங்க நினைக்கிறவர்களுக்காகச் சிறு கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் பழைய காரோ வானோ வைத்திருப்பவர்கள் சில்லுக் கழற்றுவது, பிரேக் பாட் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கத்தான் இந்தச் சொல் வேண்டும்.

கோவை ஐயா ‘தாக்கத் திருகி’ என்றார். சுருக்கமான சொல்தான். ஆனால் இலங்கைப் பாடப்புத்தகங்களில் ‘தாக்கம்’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. தமிழ்நாட்டில் வேதிவினை என்பதை நாங்கள் இரசாயனத் தாக்கம் என்று படித்தோம். நியூற்றனின் மூன்றாம் விதியும் எங்களுக்குத் தாக்கமும் மறுதாக்கமும்தான். அதோடு ‘தாக்கி’, ‘தாக்குதல்’ என்று அந்த வேரில் எதைச் செய்தாலும், 2009ஐ வன்னியில் கண்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கருவி அல்ல. ரயர் கடையில் காற்றில் ஓடுவதைக் ‘கன்’ என்கிறார்களே, அதைத் ‘துவக்கு’ என்று தமிழாக்கவும் இதனால்தான் எனக்கு மனம் வரவில்லை.

‘மோதல் குறடு’ சரிவராது. குறடு பிடிக்கும், இது எதையும் பிடிப்பதில்லை.

ஒரு சொல் நல்லதா என்பதை நான் பார்ப்பது ஒரே விதத்தில்: அதைக் கேட்டவர் கடைக்குப் போய்ச் சரியான பெட்டியை எடுத்து வருவாரா? ஹாட்வெயார் கடை அலுமாரியில் ஒரே நிறத்தில், ஒரே பற்றரியோடு மூன்று கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சுவரில் துளை போடும் ஹாமர் டிரில், மரத்தில் திருகாணி ஏற்றும் இம்பாக்ட் டிரைவர், நமக்கு வேண்டிய இம்பாக்ட் ரெஞ்ச். மூன்றும் அடிக்கின்றன. எந்தத் திசையில் அடிக்கிறது, முனையில் என்ன பூட்டலாம் என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஒரு கனமான சுத்தியலைச் சுழற்றுகிறது. அதன் முன்னால் பட்டடை. இரண்டிலும் எதிரும் புதிருமாகக் காதுபோல நீட்டிய மேடுகள் உண்டு, அவற்றைக் காதுகள் என்கிறேன். பின்னாலிருந்து ஒரு சுருள்வில் சுத்தியலைப் பட்டடையோடு தள்ளி வைத்திருக்கிறது. நட்டு இலகுவாகச் சுற்றும் வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். நட்டு மறுத்ததும் பட்டடை நின்றுவிடும், மோட்டார் நிற்காது. சுத்தியல் தன் தண்டிலுள்ள சரிந்த தவாளிப்பில் (நீள்பள்ளத்தில்) உருளும் குண்டுகளின் மேல் பின்வாங்கி, வில்லை நெருக்கி, காதைத் தாண்டும். தாண்டியதும் வில் அதை முன்னே எறியும். அரைச் சுற்று வேகமெடுத்து வந்து அடுத்த காதின் பக்கவாட்டில் ஓர் அடி. நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் தடவை இது நடக்கிறது. அடி முழுவதும் சுத்தியலுக்கும் பட்டடைக்கும் இடையில் முடிந்துவிடுவதால் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு திருகுப்படுவதில்லை. எல் வடிவச் சாவியில் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தும் அசையாத நட்டு இதற்கு இளகுவதும் இந்த அடியால்தான்.

ஹாமர் டிரில் அப்படியல்ல. அது உரலில் உலக்கை விழுவது போல நீட்டுவாக்கில் இடிக்கிறது. அதனால் அந்தக் கருவிக்கு ‘இடி’யை விட்டுவிட்டு, சுற்றுவாக்கில் அடிக்கும் இரண்டுக்கும் ‘அடி’யை வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். ஹாமர் டிரில் இடிதுளைப்பான். இம்பாக்ட் டிரைவர் அடித்திருப்புளி. திருப்புளி இரு கரையிலும் புழங்குகிற சொல். இம்பாக்ட் ரெஞ்ச் அடிமுறுக்கி. திருப்புளிக்குக் கால் அங்குல அறுகோணக் குழி, முறுக்கிக்குச் சொக்கற் (நட்டின் மேல் மாட்டும் குழிவான துண்டு) பூட்டும் சதுர முனை. இந்த ஒரு வரியே கடையில் போதும்.

‘முறுக்கி’யை நான் விடாமல் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. டோர்க்கை, அதாவது திருப்பும் வலுவை, முறுக்கு விசை என்று எழுதும் வழக்கம் வந்துவிட்டது. அந்தக் குடும்பத்திலேயே மற்றச் சொற்களையும் எடுக்கலாம். பெட்டியில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். பெரியது இறுகிய நட்டை இளக்க, சிறியது இறுக்க. இவற்றை இளக்குமுறுக்கு, இறுக்குமுறுக்கு என்று சொன்னால் விளக்கமே வேண்டாம். வாங்குபவர் ஏமாறும் இடமும் இதுதான், ஏனெனில் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது பெரிய எண் மட்டும்.

எவ்வளவு முறுக்கு விசை போதும் என்று வவுனியாத் தம்பி கேட்டிருந்தார். ரொயோட்டாக் கார்கள் பலவற்றில் சில்லு நட்டை இறுக்கச் சொல்லப்படும் அளவு 103 நியூற்றன் மீற்றர் (முறுக்கு விசையின் அலகு). துருவும் செம்மண்ணும் ஏறி, போன தடவை ரயர் கடையில் கண்மண் தெரியாமல் இறுக்கியும் விட்டிருந்தால், இளக்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். ஆகவே அரை அங்குலச் சதுர முனையும் 400 நியூற்றன் மீற்றர் அளவில் இளக்குமுறுக்கும் உள்ள அடிமுறுக்கி வீட்டுக்கு நன்றாகவே போதும். 1000 போட்டதை வாங்கினால் பாரத்தைச் சுமப்பதும், போல்ற்றை முறிப்பதும்தான் மிச்சம். திரும்பப் பூட்டும்போது நட்டைக் கையால் புரியில் ஏற்றி, கடைசி இறுக்கத்தை அளவு காட்டும் ரெஞ்சால் கொடுக்க வேண்டும். அதற்கு ‘முறுக்களவி’ என்று வைக்கலாமா? ஸ்பார்க் பிளக், எண்ணெய் வடிக்கும் போல்ற் இவற்றின் பக்கம் அடிமுறுக்கியைக் கொண்டே போகக்கூடாது.

‘கோட்லெஸ்’ என்பதற்குக் ‘கம்பியில்லா’ வேண்டாம். அது வானொலிக்குப் போய்விட்ட சொல். ‘மின்கல அடிமுறுக்கி’ என்றால் பற்றரி என்பவருக்கும் பேட்டரி என்பவருக்கும் பொது. மின்கலம் என்று சொல்லும்போது இன்னொரு குழப்பமும் தீர்கிறது. 18 வோல்ற், 20 வோல்ற் என்று இரண்டு விதமாக விற்கிறார்களே, இரண்டிலும் தொடராக இருப்பது ஐந்து லிதியம் கலங்கள்தான். கலத்துக்கு 3.6 என்று கணக்குப் போட்டால் 18. முழுதாக ஏற்றிய புதிதில் ஏறக்குறைய 4 வீதம் பார்த்தால் 20. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கொடுப்பதானால் 4 அல்லது 5 அம்பியர் மணி (கொள்ளளவு) கொண்ட பற்றரிப் பொதிக்குக் கொடுங்கள். அவற்றில் பொதுவாகக் கலங்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் அடி தளராது. வீட்டில் மக்கிற்றா நிறுவன டிரில் இருந்தால் அதே பொதி பொருந்தும் மக்கிற்றாவையே பாருங்கள். வேறு நிறுவனமான டிவோல்ற்றின் பொதி அதில் ஏறாது. பொதியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகவும் வேண்டாம். சித்திரை, வைகாசி வெக்கை உங்களுக்குத் தெரியும்.

சொக்கற் விசயத்தில் மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. கைரெஞ்சுக்கான பளபளப்பான குரோம் வனேடியம் சொக்கற் இந்த அடியில் வெடித்துத் தெறிக்கக்கூடும், கண்ணுக்கே ஆபத்து. தடித்த சுவரும் கறுப்பு நிறமும் கொண்ட குரோம் மொலிப்டினம் சொக்கற் வேறு. இரண்டையும் பெயரிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். ‘அடிசொக்கற்’, ‘கைசொக்கற்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ‘குழிமுனை’ என்று அக்கா ஒருவர் முன்பு சொன்னதாக ஞாபகம். அதில் ‘அடிக்குழிமுனை’ என்று நீட்டினால் வாகனம் திருத்தும் கராச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதைவிடக் குட்டையான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், கையேட்டில் அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து