போருக்குப் போக வேண்டாம் என்று எம்.பி.யிடம் நேரில் சொன்னவர்கள் இருக்கிறீர்களா?

வடமராட்சி அக்கா

2003 பெப்ரவரி. ஈராக் போர் வேண்டாம் என்று லண்டன் ஹைட் பார்க்குக்குப் போன பெரிய ஊர்வலத்துக்கு அடுத்த கிழமை. எங்கள் எம்.பி. சனிக்கிழமைகளில் லைப்ரரியின் பின் அறையில் தொகுதி ஆட்களைச் சந்திப்பார். எனக்கு முன்னால் போனவர் கவுன்சில் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறுவதைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தார். நான் போய் இருந்து ஈராக் என்றதும், "உங்களுக்கு அங்கே சொந்தக்காரர் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இல்லை, நான் யாழ்ப்பாணம் என்றேன். குனிந்து என் போஸ்ட்கோடை எழுதத் தொடங்கினார்.

ஐ.நா. தீர்மானம், ஆயுதப் பரிசோதகர்கள் என்று நான் ஆயத்தப்படுத்திப் போனது ஒன்றும் வாயில் வரவில்லை. எங்கள் வளவில் வெட்டியிருந்த பங்கரைப் பற்றித்தான் சொன்னேன். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. மழை பெய்தால் கால் முட்டத் தண்ணீர். பொம்மர் சத்தம் கேட்டால் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்க வேண்டும். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பிள்ளைகள் அழ மாட்டார்களா?" என்று கேட்டார். முதலில் அழுவார்கள், பிறகு அழ மாட்டார்கள், குண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் கதைத்து முடிக்கும் வரைக்கும் ஒரு தரமும் குறுக்கிடவில்லை.

மார்ச் 18 இரவு அரசாங்கத்தோடு சேர்ந்து போருக்கு ஆதரவாக வாக்களித்தார். அவர் கேட்காத மாதிரி இருந்திருந்தால் எனக்கு அன்றைக்கே மறந்திருக்கும். வடிவாகக் கேட்டாரே!

குரோய்டன் ரவி

அக்கா, நான் ஃபேக்ஸ் அனுப்பினேன். அப்போது இணையத்தில் எழுதினால் எம்.பி.க்கு ஃபேக்ஸாகப் போகும் ஒரு வசதி இருந்ததே, அது. ஈராக்கால் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதத்தை ஏவ முடியும் என்ற அரசாங்க அறிக்கையை நீங்கள் நம்புகிறீர்களா என்று ஒரே ஒரு கேள்வி. பாக்தாத் எரிவதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தபோது பச்சை முத்திரை போட்ட கவர் வந்தது. இரண்டு பக்கம், எல்லோருக்கும் ஒன்றாக அடித்த கடிதம். என் கேள்விக்குப் பதில் இல்லை. 2016 ஜூலையில், ஈராக் போருக்கு பிரிட்டன் போனதை விசாரித்த சில்காட் குழுவின் அறிக்கை, அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே போருக்குப் போனார்கள் என்று சொன்ன அன்று அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடியும் படித்தேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

எடிசன்வாசி

ரவி, ஃபேக்ஸ் எல்லாம் சும்மா. போன் செய்ய வேண்டும். 2013 செப்டம்பரில் ஒபாமா சிரியா மேல் குண்டு போட காங்கிரஸிடம் அனுமதி கேட்டபோது நான் எங்கள் பிரதிநிதியின் ஆபீசுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பையன். நான் பேச ஆரம்பிப்பதற்குள், "எதிர்க்கச் சொல்லித்தானே சார்? காலையிலிருந்து எல்லோரும் அதேதான் சொல்கிறார்கள்" என்றான். குரலில் அவ்வளவு களைப்பு. செனட் வெளியுறவுக் குழு 10க்கு 7 என்று ஒப்புதல் கொடுத்தும் முழு சபையில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. மக்கள் போன் செய்ததால்தான்.

இனி செய்யப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் பெயர், ஜிப் கோடு. தொகுதிக்காரர் இல்லை என்றால் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அப்புறம் ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் எந்தத் தீர்மானம் என்று குறிப்பிட்டு. "அமைதி வேண்டும்" என்று சொன்னால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று அந்தப் பையனுக்கே தெரியாது. வாஷிங்டன் லைன் கிடைக்கவில்லையா, ஊரில் இருக்கும் ஆபீசுக்குக் கூப்பிடுங்கள். ஆகஸ்டில் சபைக்கு விடுமுறை, ஊர்க் கூட்டங்களுக்கு வருவார்கள், அங்கே மைக்கைப் பிடித்துக் கேளுங்கள். அடித்து வைத்த ஒரே வாசகத்தைப் பத்துப் பேர் அனுப்புவதைவிட ஒருவர் சொந்த வார்த்தையில் எழுதுவது மேல். பதில் வந்தால் நன்றி எழுதுங்கள், அதையும் படிக்கிறார்கள். ஓட்டுப் போட்ட பிறகும் கூப்பிடுங்கள்.

மான்செஸ்டர் தமிழன்

எடிசன்வாசி, அதை வெற்றி என்று சொல்லாதீர்கள். ரசாயன ஆயுதங்களை ஒப்படைக்கலாம் என்று ரஷ்யா குறுக்கே வந்ததும் ஒரு காரணம். இங்கே பிரிட்டனில் சிரியா மேல் தாக்குதலுக்கான ஓட்டெடுப்பில் 2013 ஆகஸ்ட் 29 அன்று 285க்கு 272 என்று அரசாங்கம் தோற்றது. ஈராக்கில் பட்ட சூடு எம்.பி.க்களுக்கு ஆறியிருக்கவில்லை. அந்த வாரம் நானும் எங்கள் எம்.பி.யைப் பார்த்து எதிர்க்கச் சொன்னேன். அவர் கேட்டது: "சரி, சிரியாவின் கூட்டா பகுதியில் விஷவாயுவில் செத்த பிள்ளைகளுக்கு நான் என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்." அகதிகளை எடுங்கள் என்றேன். எத்தனை பேரை என்று கேட்டார். எடுக்க முடிந்த எல்லோரையும் என்றேன். அவர் எதிர்த்துத்தான் வாக்களித்தார். ஆனால் 2017இல் சிரியாவின் கான் ஷேக்கூன் ஊரில் மறுபடியும் விஷவாயு. 2018 ஏப்ரலில் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே பிரிட்டன் சிரியா மேல் குண்டு போட்டது. கேட்க வேண்டும் என்பது வழக்கம்தான், சட்டம் இல்லை. முதலில் அதைச் சட்டமாக்கச் சொல்லி நம் எம்.பி.க்களை நெருக்க வேண்டும்.

வடமராட்சி அக்கா

தம்பி, உங்கள் எம்.பி. கேட்டது நியாயமான கேள்வி. 2009 ஏப்ரலில் வன்னியில் போர் நடந்துகொண்டிருக்க, லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தில் நாங்கள் இரவு பகலாக இருந்தபோது அதே கேள்வியை நாங்கள்தான் அவர்களிடம் கேட்டோம். குண்டு போடச் சொல்லிக் கேட்கவில்லை, குண்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். ஈராக்குக்குச் சொன்னதும் அதேதான்.

பச்சை அட்டை

இதுவரைக்கும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2003 மார்ச் 18 அன்று நான் நேரே வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டேன். சென்ட்ரல் லாபியில் யாரும் பச்சை அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்து எம்.பி.யை வெளியே கூப்பிடலாம், பலருக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா. மகன் குவைத்தில் ராணுவத்தோடு காத்திருக்கிறான் என்றார். அவருடைய அட்டை, எம்.பி.யைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது. இன்னொரு அட்டை வாங்கினார். கை நடுங்கியதால் பெயரை என்னிடம் எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். மகனுக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. ஈராக்கில் இறந்த 179 பிரிட்டிஷ் வீரர்களின் பட்டியலை அந்தக் குடும்பப் பெயருக்காகவே தேடிப் பார்த்தேன், இல்லை.

என் எம்.பி. வெளியே வந்தார். தூணோரம் நின்றபடியே பேசினோம். முந்தின நாள் அமைச்சர் ராபின் குக் போரை எதிர்த்துப் பதவி விலகிப் பேசியதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை என்றார். அன்று இரவு போருக்கு ஆதரவாக 412, எதிராக 149. அந்த 149இல் அவரும் ஒருவர். 2005 தேர்தலில் போருக்குப் போன லேபர் கட்சிக்கு இனி ஓட்டே இல்லை என்றிருந்த என் மாமாவையும் கூட்டிக்கொண்டு அவருக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தேன்.