அயடீனில் தெரியும் கருநீலப் புள்ளிகள் கருக்கள்தானா? அவசர உதவி

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். கால்வாய்ப் படிக்கல்லில் ஒட்டியிருந்த இழை அல்காவை (பாசியை) எடுத்துக் கெடாமல் இருக்கப் போமலினில் போட்டு வைத்தேன். கிளை விட்டிருக்கிறது, தொட்டால் வழுக்காமல் சொரசொரப்பாக இருக்கிறது. கலத்துக்கு எத்தனை கரு என்று பார்த்து வகைப்படுத்த வேண்டும். அயடீன் விட்டால் ஒரு கலத்துக்குள் ஐம்பதுக்கும் மேலே கருநீலப் புள்ளிகள்! சந்தேகத்தில் ஸ்பைரோகைரா என்ற இன்னோர் இழை அல்காவுக்கும் விட்டேன், அதிலும் வரிசையாகப் புள்ளி. அதற்கு ஒரு கரு என்றுதானே உயர்தரத்தில் படித்தோம்? திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

பதில் 1:
தங்கச்சி, ஸ்பைரோகைராவையும் பார்த்தது நல்ல வேலை, விடை அதிலேயே இருக்கிறது. கருநீலமாகத் தெரிவது, பச்சையவுருமணிக்குள் இருக்கும் பைரினொயிட் என்ற புரதமணியைச் சுற்றியுள்ள மாப்பொருள். அயடீனில் கரு மங்கிய மஞ்சள் பழுப்பாகத்தான் வரும், ஸ்பைரோகைராவில் அது கலத்தின் நடுவே மெல்லிய குழியவுரு இழைகளில் தொங்கும். உங்கள் இழைக்கு, கருவைச் சிவப்பாகக் காட்டும் அசற்றோகாமைன் சாயம்தான் சரி. போமலின் போத்தலை விடுங்கள், அதில் இருந்ததற்குச் சாயம் நன்றாகப் பிடிக்காது. புதிதாக எடுத்து, எதனோல் 3 பங்கும் அசற்றிக்கமிலம் 1 பங்கும் கலந்து ஓர் இரவு வைத்தால் பச்சையமும் கழன்றுவிடும். அப்புறம் சாயம் விட்டுத் துருப்பிடித்த ஊசியால் கிளறி, கொதிக்க விடாமல் இளஞ்சூடு காட்டுங்கள். இரும்பு சேர்ந்தால் நிறம் ஆழமாகும்.

வெள்ளவத்தை மாணவி:
நன்றி அண்ணா! பல கரு வந்தால் கிளடோபோரா அல்கா என்று எழுதலாமா? கொழும்பின் பேர வாவிப் பச்சை நீரிலும் செய்து பார்க்கவா?

பதில் 2:
கிளை, பல கரு, வலை போன்ற பச்சையவுருமணி மூன்றும் சேர்ந்தால் தாராளமாக எழுதுங்கள். கிளையில்லாமல் கலத்துக்குச் சில கருக்கள் மட்டும் என்றால் ரைசோகுளோனியம் என்ற அல்காவா என்று பாருங்கள். ஆனால் எண்ணிக்கையை வைத்து வகுப்பைச் சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஹைட்ரோடிக்டியன் என்ற அல்காவுக்கும் பல கரு, ஆனால் அது குளோரோபைசியே வகுப்பு. உல்வா என்ற அல்காவுக்குக் கலத்துக்கு ஒன்றுதான், ஆனாலும் கிளடோபோராவோடு சேர்ந்து உல்வோபைசியே வகுப்பு. 1984இல் மட்டொக்ஸ், ஸ்டூவார்ட் என்ற ஆய்வாளர்கள் பச்சை அல்கா வகுப்புகளைப் பிரித்தபோது, கரு எப்படிப் பிரிகிறது, அதன்பின் கலம் எப்படிப் பிளக்கிறது, சவுக்குமுளை (நீந்த உதவும் வால் போன்ற இழை) எப்படி அமைந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்தார்கள், அதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். பேர வாவியில் பச்சையாகப் படர்வது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். அது சயனோபற்றீரியா, கருவே கிடையாது.

வெள்ளவத்தை மாணவி:
செய்துவிட்டேன் அக்கா! பச்சையவுருமணிக்கு உள்பக்கமாகச் சிவப்பு உருண்டைகள், ஒரே கலத்தில் 20 வரை எண்ணிவிட்டேன், குவியத்தை மாற்ற மாற்ற இன்னும் வருகிறது.