கேட்காமலே சேமிக்கலாமா? இணையக் காப்பகமும் அழித்துக்கொள்ளும் உரிமையும்

ஓலைச்சுவடி:
பொதுவெளியில் திறந்து கிடக்கும் எந்த இணையப் பக்கத்தையும், எழுதியவரிடமோ தளத்தை நடத்துபவரிடமோ முன்கூட்டி அனுமதி பெறாமலே காப்பகங்கள் நகலெடுத்து வைக்கலாம் என்பது என் நிலைப்பாடு. பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் அணுக முடியாதவையாகிவிட்டன. தனிநபர்கள் இலவசமாகத் தளம் அமைத்துக்கொண்ட ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றத்தில் தொலைந்தன என்று மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019-இல் கைவிரித்தது. அந்தப் பாடல்களில் ஏறத்தாழ 4.9 லட்சம் பின்னர் மீண்டு வந்ததற்குக் காரணம், 2008-க்கும் 2010-க்கும் இடையே ஓர் ஆய்வுக் குழு தன் ஆய்வுக்காக அவற்றை இறக்கி வைத்திருந்ததுதான்.

இன்னும் கனமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். அன்றைய தினமே, பிரிவினைப் படைத் தளபதி இகோர் கிர்கினின் பெயரில் விகே என்ற ரஷ்யச் சமூக வலைத்தளத்தில் இயங்கிய ஒரு பக்கம், தாங்கள் ஒரு ராணுவப் போக்குவரத்து விமானத்தை வீழ்த்தியதாகப் பெருமை பேசியது. விழுந்தது பயணிகள் விமானம் என்று தெரிந்த பிறகு அந்தப் பதிவு காணாமல் போயிற்று. ஆனால் அதற்குள், இன்டர்நெட் ஆர்கைவ் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் இணையக் காப்பகமான வேபேக் மெஷின் அதை நகலெடுத்துவிட்டது. முன் அனுமதி வேண்டும் என்போர், அந்த அனுமதியை அன்று யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லட்டும்.

திரைமறைவு:
ஓலைச்சுவடி அவர்கள் ஒரு படைத்தளபதியை முன்னே நிறுத்திவிட்டு, அவருடைய நிழலில் கோடிக்கணக்கான சாதாரண மக்களையும் இழுத்து வந்து அடைத்துவிடுகிறார். அதிகாரம் உள்ளவர் தன் சொல்லை அழித்துத் தப்பிக்கக்கூடாது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வேபேக் மெஷினின் தானியங்கி நிரல் தளபதியையும் பதினைந்து வயதுச் சிறுமியையும் பிரித்தறிவதில்லை. அவள் தன் தோழிகள் பத்துப் பேர் படிப்பார்கள் என்று நம்பி எழுதிய புலம்பல், அவள் முப்பத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் நொடி பிசகாத தேதியோடு கிடைக்கிறது. திண்ணையில் பேசியதை யாரோ கல்லில் வெட்டி வைத்தால், பேசியவர் மீதுதான் குற்றமா?

‘பொதுவெளியில்தானே எழுதினார்’ என்ற வாதம் எளிதாகச் சொல்லக்கூடியது. அதனாலேயே எனக்கு அதில் ஐயம். ஒரு பக்கம் எவராலும் படிக்கப்படக்கூடியது என்பதும், அது என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளப்படலாம் என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு எழுதியவர் இசைந்தார். இரண்டாவது பற்றி அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. தளத்தை நகலெடுக்காதே என்று தானியங்கி நிரலுக்குச் சொல்ல இருந்த முக்கியக் கருவி, தளத்தில் வைக்கும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பு. அதையும் இனிமேல் அப்படியே பின்பற்றப்போவதில்லை என்று இன்டர்நெட் ஆர்கைவ் 2017 ஏப்ரலில் அறிவித்துவிட்டது.

பழுப்புத்தாள்:
நான் காப்பகப் பணியோடு தொடர்புள்ளவன் என்பதால் இந்த ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். ரோபாட்ஸ் கோப்பு 1994-இல் உருவானது. தானியங்கி நிரல்கள் சர்வரைத் திணறடிக்காமல் இருக்கவும், எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அவற்றுக்குச் சொல்லவும் தோன்றிய மரபு அது. எழுதியவரின் விருப்பத்தை வெளிப்படுத்தும் ஆவணமாக யாரும் அதை வடிவமைக்கவில்லை. நடைமுறையில் நிகழ்ந்தது என்னவென்றால், ஒரு தளத்தின் முகவரி காலாவதியானதும் வேறொருவர் அதை வாங்கி, விளம்பரப் பக்கம் ஒன்றைப் போட்டு, எல்லா நிரல்களையும் தடுக்கும் ரோபாட்ஸ் கோப்பையும் வைத்துவிடுவார். உடனே, அதே முகவரியில் முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் எழுதியவை முழுவதும் காப்பகத்திலிருந்து மறைந்துபோகும். எழுதியவர் மறைக்கச் சொல்லவில்லை. முகவரியை வாங்கியவர் மறைத்தார். திரைமறைவு அவர்கள் காக்க விரும்பும் உரிமை அங்கே யாருடையதாக இருந்தது?

கடவுச்சொல் கேட்கும் பக்கங்களுக்குள் இந்த நிரல்கள் நுழைவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சட்டப்புள்ளி:
மறக்கப்படும் உரிமை என்ற சொல் இன்னும் இங்கே விழவில்லை. விழும்போது தவறாகவே விழும் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

ஸ்பெயின் நாட்டவர் ஒருவரின் சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக அவருடைய சொத்து ஏலம் விடப்படும் என்ற அறிவிப்பு 1998-இல் ஒரு நாளிதழில் வந்தது. கடன் தீர்ந்து பல ஆண்டுகள் கழிந்தும், அவருடைய பெயரைத் தேடினால் கூகுள் அந்த அறிவிப்பைக் காட்டியது. 2010-இல் அவர் முறையிட்டார். 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. (மறக்கப்பட வேண்டும் என்று வழக்காடியவரின் பெயர் இன்று எல்லாச் சட்டப் பாடநூல்களிலும் இருக்கிறது, நானாவது அதை எழுதாமல் விடுகிறேன்.) பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: நாளிதழின் பக்கத்தை நீக்கச் சொல்லும் கோரிக்கையை ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு தொடக்கத்திலேயே தள்ளிவிட்டது. நீதிமன்றம் சொன்னது, பெயரைத் தேடினால் வரும் முடிவுகளிலிருந்து அந்த இணைப்பை எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டுமே. ஆவணம் இருந்த இடத்திலேயே இருந்தது. உலகெங்கும் உள்ள கூகுளின் எல்லாப் பதிப்புகளிலிருந்தும் இணைப்பை எடுக்கத் தேவையில்லை என்று 2019 செப்டம்பரில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் எல்லையும் வகுத்தது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17-ஆம் பிரிவு, தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையை வழங்குகிறது. ஆனால் அந்தப் பிரிவே, பொதுநலனுக்கான காப்பகப் பணியை அந்த அழிப்பு முடக்கிவிடும் அல்லது கடுமையாகப் பாதிக்கும் என்றால் விலக்கும் அளிக்கிறது. ஓலைச்சுவடி அவர்கள் இதைப் படித்து மகிழ்வதற்கு முன் இன்னொன்று: எவை பொதுநலக் காப்பகங்கள் என்று அந்த ஒழுங்குமுறையின் முகவுரை பேசும்போது, சட்டப்படி அந்தக் கடமை சுமத்தப்பட்ட அமைப்புகளையே சுட்டுகிறது. தானாக முன்வந்து சேகரிக்கும் ஒரு தனியார் தொண்டு நிறுவனம் அதற்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது.

ஓலைச்சுவடி:
சட்டப்புள்ளி அவர்கள் சொன்னது என் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது என்றே நினைக்கிறேன், அந்தக் கடைசி வரியைத் தவிர. தீங்கு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஒருவருடைய பெயரைத் தட்டியதும் பழைய பக்கம் முதல் முடிவாக வந்து நிற்கும்போது பிறக்கிறது. வேபேக் மெஷினில் பக்கங்களைத் தேடுவோர் பெரும்பாலும் அவற்றின் முகவரியைக் கொண்டுதான் தேடுகிறார்கள். நகலின் முகவரியில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று பதினான்கு இலக்கங்கள் இருக்கும், அதன் பின்னே மூல முகவரி இருக்கும். அந்த மூல முகவரியை அறியாத ஒருவர், திரைமறைவு அவர்கள் சொல்லும் சிறுமியின் பக்கத்துக்குத் தற்செயலாகப் போய்ச் சேர்வது அரிது.

திரைமறைவு:
தற்செயலாகப் போகிறவரைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? வேண்டுமென்றே தேடி வருபவர்தான் ஆபத்தானவர்: பிரிந்துபோன கணவர், பகை கொண்ட சக ஊழியர், மிரட்டிப் பணம் பறிக்க நினைப்பவர். அவர்களுக்கு முகவரி ஏற்கெனவே தெரியும். நேற்றுவரை தளத்தில் இருந்த பக்கத்தை அவள் இன்று அழித்தாள் என்றால், நேற்றுவரை படித்துக்கொண்டிருந்தவர் நேராகக் காப்பகத்துக்குத்தான் போவார். அரிதில் கிடைப்பது என்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

சிறார் விஷயத்தில் சட்டமே ஓரளவு இறங்கி வந்திருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட பயனர் தான் இட்டதைத் தானே நீக்கிக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று கலிஃபோர்னியச் சட்டம் 2015 ஜனவரி முதல் தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்தக் கட்டாயம் மூலத் தளத்தோடு நின்றுவிடுகிறது. வேறொருவர் எடுத்து வைத்த நகல் அதில் அடங்காது. இப்போது அவள் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விலக்கக் கோரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தள உரிமையாளரை மனத்தில் வைத்தே அமைந்தவை. அவள் தளத்தின் உரிமையாளர் அல்லள். அங்கே எழுதிய ஆயிரக்கணக்கானோரில் ஒருத்தி. அந்தக் கணக்குத் தன்னுடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டிய மின்னஞ்சலும் தளத்தோடு சேர்ந்து செத்துப்போயிருக்கலாம்.

எழுத்துருப்பித்தன்:
சற்றே விலகிச் செல்கிறேன், பொறுத்தருள்க. நகல் இருக்கிறது என்பதாலேயே ஆவணம் இருக்கிறது என்று இருவரும் எடுத்துக்கொள்கிறீர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்களில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களைக் காப்பகத்தில் திறந்து பாருங்கள். உரிய எழுத்துரு இல்லாவிட்டால் மேலே புள்ளி வைத்த ரோமன் எழுத்துகளும் நாணயக் குறிகளுமாகத்தான் திரை நிரம்பும். மாற்றி நிரல் வழியே செலுத்தினால் மட்டுமே படிக்கலாம். இன்னொன்று, ஒரே நகலில் எழுத்து ஒரு நாளிலும் படம் வேறொரு நாளிலும் எடுக்கப்பட்டிருப்பது சாதாரணம். பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்து, இந்தச் சொல்லும் இந்தப் படமும் ஒரே நாளில் ஒன்றாக இருந்தன என்று ஒருவர் மீது குற்றம் சாட்டினால் அது அநியாயமாக முடியலாம். இதைத் திரைமறைவு அவர்களின் கட்சிக்கு நான் அளிக்கும் சிறு காணிக்கையாகக் கொள்ளலாம்.

திரைமறைவு:
காணிக்கைக்கு நன்றி. நான் அழிப்பை மட்டுமே கேட்கிறேன் என்று எண்ண வேண்டாம். மாற்று வழியும் சொல்கிறேன். டென்மார்க் 2005 முதல் தன் நாட்டு இணையத்தைச் சட்டப்படி சேகரிக்கிறது, ஆனால் அதைப் பார்க்கத் தகுதியுள்ள ஆய்வாளர்களுக்கு மட்டுமே அனுமதி. பிரிட்டனில் 2013 முதல் மின்வெளியீடுகளும் சட்டப்படியான வைப்பு நூலகங்களுக்குச் சேர்கின்றன. பெரும்பகுதியை நூலக வளாகத்துக்குள் அமர்ந்துதான் படிக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை அமெரிக்கா 72 ஆண்டுகள் பூட்டி வைக்கிறது. 1950-ஆம் ஆண்டின் தாள்கள் 2022-இல்தான் திறக்கப்பட்டன. வீடு வீடாகச் சென்று அரசு கேட்டு எழுதிய பெயருக்கும் வயதுக்கும் இவ்வளவு காவல் இருக்கும்போது, ஒருவர் தன் மனத்தைத் திறந்து எழுதியதற்கு ஒரு பூட்டும் வேண்டாமா? இப்போது சேகரியுங்கள், பிறகு திறந்துகொள்ளுங்கள்.

பழுப்புத்தாள்:
பூட்டி வைப்பது எங்கள் துறையில் பழைய பழக்கம்தான். ஆனால் பூட்டிய பெட்டிக்கு இரண்டு நோய்கள் உண்டு. பயன்படுத்தப்படாத சேகரம் மெல்ல மெல்லப் புறக்கணிக்கப்படும் என்பது ஒன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ட்விட்டரின் பொதுப் பதிவுகள் அனைத்தையும் திரட்டப்போவதாக 2010-இல் அறிவித்தது. ஆய்வாளர்களுக்கு அது திறக்கப்படாமலே ஆண்டுகள் ஓடின. 2018 முதல் தேர்ந்தெடுத்து மட்டும் சேர்ப்போம் என்று சுருங்கியது. இரண்டாவது, ஒரே கட்டடத்துக்குள் வைத்தால் ஒரே அடியில் விழும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் சைபர் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் இணையக் காப்பகம் நெடுங்காலம் எவருக்கும் எட்டாமல் போயிற்று. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவும் அடி வாங்கியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அது சில நாட்களிலேயே படிப்பதற்கு மட்டுமாவது திரும்பி வந்தது.

எம்எச்17 நகலையும் எண்ணிப் பாருங்கள். எழுபத்திரண்டு ஆண்டுப் பூட்டுக்குள் இருந்திருந்தால் அது யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

சட்டப்புள்ளி:
இந்த வாதத்தில் மூன்றாவதாக ஒரு தரப்பு நுழைந்துவிட்டது. ரெட்டிட் என்ற விவாதத் தளம் 2025 ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தன் பதிவுகளை வேபேக் மெஷின் வழியாகச் சுற்றி வந்து அள்ளுகின்றன என்று கூறி, முகப்புப் பக்கம் தவிர மற்றவற்றைக் காப்பகம் எடுப்பதைத் தடுத்தது. எழுதியவரின் அந்தரங்கம் அங்கே காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. அதே நிறுவனம் அதே பதிவுகளை உரிம ஒப்பந்தத்தின் பேரில் பயிற்சித் தரவாக விற்றும் வருகிறது. ‘அனுமதி’ என்று திரைமறைவு அவர்கள் கேட்கும்போது, நடைமுறையில் அந்த அனுமதியைத் தரவோ மறுக்கவோ போவது எழுதியவர் அல்லர், தளத்தின் முதலாளி என்பதை அவர் எடை போட வேண்டும்.

திரைமறைவு:
எடை போட்டேன். அதனால்தான் அந்த அதிகாரம் எழுதியவரின் கைக்கு வர வேண்டும் என்கிறேன். முதலாளியும் வேண்டாம், காப்பகமும் வேண்டாம்.

ஓலைச்சுவடி:
அப்படியானால் நாம் நெருங்கி வந்துவிட்டோம். முன் அனுமதி என்பதை நான் ஏற்கமாட்டேன். அது வந்தால் காப்பகமே இராது. ஆனால் பின்னால் வந்து, தான் எழுதியதை எடுத்துவிடும்படி எழுதியவரே கேட்டால், அவர் தள உரிமையாளர் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதை ஏற்கிறேன். பொதுப் பதவியில் இருப்போருக்கும் படைத்தலைவர்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. எனக்கு வேண்டிய நிபந்தனை ஒன்று: எடுத்த இடத்தில், இந்த முகவரியில் இந்த நாளில் ஒரு பக்கம் இருந்தது, கோரிக்கையின் பேரில் நீக்கப்பட்டது என்ற குறிப்பாவது நிற்க வேண்டும். சத்தமில்லாமல் மறைந்தால், பிறகு யார் எதை மறைத்தார்கள் என்று கேட்கவும் வழியில்லை.

திரைமறைவு:
அந்தக் குறிப்பில் முகவரி இருக்கும் என்றீர்கள். எத்தனையோ தளங்களில் பயனரின் முழுப் பெயர் முகவரியிலேயே இருக்கிறது. அதனோடு அவர் இட்ட தலைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தை நீக்கிவிட்டு, இன்னார் இந்தத் தலைப்பில் எழுதியது நீக்கப்பட்டது என்று பலகை மாட்டினால், பக்கத்தையே விட்டுவைத்திருக்கலாம். தளத்தின் பெயரும் நாளும் மட்டும் நிற்கட்டும், முழு முகவரி காப்பகத்தின் உள்ளேட்டில் இருக்கட்டும். நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். பதினெட்டு வயதுக்கு முன் எழுதியது என்று காட்டினால் அந்தப் பலகைகூட வேண்டாம்.

ஓலைச்சுவடி:
உள்ளேடு சரி. வயதை எப்படிக் காட்டுவார் என்பதைச் சொல்லுங்கள். அடையாள அட்டையைக் காப்பகத்துக்கு அனுப்பித்தான் என்றால், மறக்கப்பட விரும்புகிறவரைப் பற்றி அதுவரை காப்பகத்திடம் இல்லாத ஓர் ஆவணத்தை அவரிடமே கேட்டு வாங்குகிறீர்கள்.