சந்தேகத்தைக் கேட்டு தப்பித்த கதை, கேட்காமல் மாட்டிய கதை

திருப்பூர் மெர்ச்சண்டைசர் (ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பவர்):
நான் மாட்டியவன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாதம் ஒரு டீ ஷர்ட் ஆர்டர். பையர் அனுப்பும் அளவுக் குறிப்பான டெக் பேக்கில் "நீளம் 70 செ.மீ." என்று மட்டும் இருந்தது. தோள் உச்சியிலிருந்தா, பின்கழுத்து நடுவிலிருந்தா? ரெண்டுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வரும். சீனியரிடம் கேட்கப் போனேன். போனில் பேசிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். அப்படியே திரும்பி வந்து, பேட்டர்ன் மாஸ்டரிடம் "பின்கழுத்துதாண்ணே" என்று நானே சொல்லிவிட்டேன்.

சைஸ் செட், அதாவது ஒவ்வொரு சைஸிலும் சாம்பிள், பையருக்குப் போனது. எல்லா சைஸிலும் 2 செ.மீ. கூடுதல் என்று கமெண்ட் வந்தது. நல்லவேளை, துணி இன்னும் கட்டிங் டேபிளுக்குப் போகவில்லை. ஆனால் மறுபடி சாம்பிள், மறுபடி கூரியர் என்று பத்து நாள் போச்சு. அந்தப் பார்வையை மறுபடி முழுசாக வாங்கினேன்.

இப்போது பையரிடமே கேட்கிறேன். ஆனால் "எங்கிருந்து அளப்பது?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் "டெக் பேக் படி செய்யவும்" என்று பதில் வரும். அதில் இல்லாததால்தானே ஐயா கேட்கிறேன்! "தோள் உச்சியிலிருந்து 70 வைத்து பேட்டர்ன் போடுகிறோம், சரிதானே?" என்று எழுதினால் அன்றைக்கே பதில் வந்துவிடுகிறது.

நைட் டியூட்டி நர்ஸ்:
ராத்திரி ரெண்டு மணி. டாக்டர் போனில் இன்சுலின் அளவு சொன்னார். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று காதில் சரியாக விழவில்லை.
"ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா டாக்டர்?"
"எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?"
"ஒன்பது வருஷம் டாக்டர். ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா?"
ஒன் ஃபைவ். நேரத்தோடு எழுதி வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தேன்.

சைட் சூப்பர்வைசர்:
எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஆசாரி. வீட்டுக்காரர் "கதவு இடது பக்கம் திறக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆசாரி மட்டும், "உள்ள நின்னு பாத்தா இடதா, வெளிய நின்னு பாத்தா இடதுங்களா?" என்றார். இதில் என்ன சந்தேகம் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் "உள்ள" என்றார். அதே நேரத்தில் அவர் மனைவி "வெளிய" என்றார். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.