செவ்வாய்க்கிழமை மயக்கவியல் நேர்முகத் தேர்வு: செய்த தவறைச் சொல்லலாமா?

டிக்கோயா மகள்:
அண்ணாமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். நான் பேராதனையில் மருத்துவம் படித்து, மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றின் மயக்க மருந்துப் பிரிவில் மூன்று வருடங்கள் வைத்திய அதிகாரியாக இருந்தவள். இங்கே வந்து நான்கு மாதங்கள்தான் ஆகின்றன. பயிற்சிக்கு விண்ணப்பித்த இடங்களில் ஒன்றே ஒன்று மட்டும் வரும் செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு ஸூம் வழியாக நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லுமாறு கட்டாயம் கேட்பார்களாம். என்னிடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் இருக்கிற ஒரு வாய்ப்பும் போய்விடுமோ என்று இரண்டு இரவுகளாக உறக்கமில்லை.

லெஸ்டர் பதுளையான்:
தங்கச்சி, இங்கே பிரித்தானியாவில் என்றால், முதலில் வெளிநாட்டு வைத்தியர்களுக்கான பிளாப் பரீட்சையின் இரண்டு பகுதிகளையும் முடித்து, ஜீ.எம்.சி. எனும் மருத்துவ சபையின் பதிவை எடுத்துவிட்டீர்களா? அடிப்படைப் பயிற்சிக்கு ஓரியல் எனும் இணையத் தளத்தில் விண்ணப்பித்து, எம்.எஸ்.ஆர்.ஏ. எனும் தெரிவுப் பரீட்சையும் எழுத வேண்டுமே. நான் வந்த முதல் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க மீட்டருக்குப் போடக் காசில்லாமல், கம்பளிக்குள் இருந்தபடியே அந்தப் பரீட்சைக்குப் படித்தேன். பண்டாரவளைப் பனியில் வளர்ந்தவனையே அந்தக் குளிர் அழவைத்துவிட்டது.

நானுஓயாக்காரன்:
அண்ணா, தங்கச்சி சொல்வது அமெரிக்கா போலத் தெரிகிறது. ஆனால் எந்த வீசா என்று சொல்லவில்லையே? பயிற்சிக்கு வருவோருக்கான ஜே-1 வீசா வேண்டவே வேண்டாம். அதற்கு நமது சுகாதார அமைச்சின் கடிதம் வேண்டும், பயிற்சி முடிந்ததும் 2 வருடங்கள் நாட்டுக்குத் திரும்பியிருக்கவும் வேண்டும். அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சையின் ஸ்டெப் 3 எழுதிவிட்டு, எச்-1பி எனும் வேலை வீசா தருவார்களா என்று நேர்முகத்திலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்.

மஸ்கெலியா அக்கா:
தயவுசெய்து அப்படிக் கேட்க வேண்டாம். வீசா விபரத்தை நேர்முகத்துக்கு முன்போ பின்போ அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்பதுதான் முறை. நான் ஜே-1 இல் வந்து, கொன்ராட் 30 ஏற்பாட்டின் கீழ் வைத்தியர் பற்றாக்குறையுள்ள ஊரில் 3 வருடங்கள் வேலை செய்து, நாடு திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற்றவள்.

என்னை அலைக்கழித்தது வீசா அல்ல, பெயர். பிறப்புச் சான்றிதழில் தோட்டத்து ஆபீஸில் எழுதிய பெயர் ஒன்று, பட்டச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போட்டில் இன்னொன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பவே ஒரு வருடம் போனது.

லெஸ்டர் பதுளையான்:
பெயராவது பரவாயில்லை அக்கா. இலங்கைத் தமிழன் என்றதும், இங்குள்ள நம்மவர்களே "யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்?" என்கிறார்கள். பதுளை என்றால், அங்கேயும் தமிழர் இருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வருகிறது.

நுவரெலியாத் தியேட்டர்:
அவரவர் கதையை அவரவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தங்கச்சி கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. தங்கச்சி, அந்தத் தவறு என்ன? எந்த நாடு, என்ன வீசா என்பதையும் எழுதுங்கள்.

டிக்கோயா மகள்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். நான் இருப்பது நியூ ஜெர்சியில்; கணவர் மூலம் கிரீன் கார்ட் உண்டு, ஆகவே வீசாச் சிக்கல் இல்லை. அழைத்திருப்பது சிக்காகோவில் உள்ள ஓர் இடம்.

நடந்தது இதுதான். கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்குச் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டுப் படுக்கவைத்துவிட்டு, மரப்பு எந்த மட்டம்வரை ஏறுகிறது என்று பார்க்காமல் குறிப்பெழுதத் திரும்பிவிட்டேன். "கை மரத்துப்போச்சி டொக்டர், மூச்சு எடுக்க முடியல" என்று அவர் முனகியபோதுதான் நிமிர்ந்தேன். விரலைப் பிடிக்கச் சொன்னால் பிடியே இல்லை. இரத்த அழுத்தம் 70க்கு இறங்கியிருந்தது. உடனே மூத்தவரைக் கூப்பிட்டு, மருந்து கொடுத்து, முகமூடி வைத்துக் கையால் காற்றுக் கொடுத்தோம். பிள்ளை அழுதது, தாயும் தேறினார். அன்று முதல் ஐஸ் வைத்து மட்டம் பார்க்காமல், விரலைப் பிடிக்கச் சொல்லிப் பார்க்காமல் நான் கத்தியை வைக்கவிட்டதில்லை.

நுவரெலியாத் தியேட்டர்:
இதையே சொல்லுங்கள், இதே ஒழுங்கில் சொல்லுங்கள். எட்டு வருடங்களாக நேர்முகம் காண்பவர்களின் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவறே செய்ததில்லை என்பவரை நம்பி நோயாளியை ஒப்படைக்க எங்களுக்குப் பயம். ஆனால் தாதி மீதோ, ஆள் பற்றாக்குறை மீதோ பழியைப் போடாதீர்கள். குறிப்பெழுதத் திரும்பியது நான் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டு, அதன் பின் மாற்றிக்கொண்ட பழக்கத்தில் முடியுங்கள். இரண்டு நிமிடங்களுக்கு மேல் போகக் கூடாது.

மலைநாட்டில் வேலை செய்ததை ஒரு குறையைப் போல ஒளிக்காதீர்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனின் அழுத்தமும் குறைவு. மூச்சு வழி கொடுக்கும் மயக்க மருந்துகளில், வழக்கமான செவோஃபுளூரேன் ஆவியாக்கியின் அளவை அங்கே மாற்றத் தேவையில்லை, ஆனால் சூடாக்கி இயங்கும் டெஸ்ஃபுளூரேன் ஆவியாக்கியில் கூட்டி வைக்க வேண்டும். பாடமாக ஒப்புவிக்க வேண்டாம். பேச்சு அந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். மற்றவர்கள் படித்து மட்டுமே அறிந்ததை நீங்கள் வாழ்ந்து பார்த்தவர்.

அடுத்தது, அந்த இடம் 4 வருடங்களையும் சேர்த்துத் தருகிறதா, அல்லது இரண்டாம் வருடத்திலிருந்துதான் எடுக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். இரண்டாவது வகை என்றால் முதல் வருடத்துக்கு வேறிடம் தனியாகத் தேட வேண்டும். இதைக் கவனிக்காமல் தவித்தவர்களைக் கண்டிருக்கிறேன். வேறெங்கு விண்ணப்பித்தீர்கள், எங்களை எத்தனையாவதாக வரிசைப்படுத்துவீர்கள் என்று அவர்கள் கேட்பது, பயிற்சியிடங்களை ஒதுக்கும் மட்ச் முறையின் விதிகளுக்கு முரண். யாராவது கேட்டாலும் கோபப்படாமல், இந்த இடத்தில் பிடித்தது இன்னது என்று சொல்லிப் பேச்சை நகர்த்துங்கள்.

கடைசியாக, அந்த 8 மணி யாருடைய 8 மணி?

டிக்கோயா மகள்:
இப்போதுதான் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன் அண்ணா. சிக்காகோ நேரமாம், அப்படியானால் எனக்குக் காலை 9 மணி. பயிற்சியும் 4 வருடங்களும் சேர்ந்ததுதான். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. இரவு வேலை முடித்து 8 மணிக்கு வரும் கணவர், அன்று காரிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.