50-ஆம் ஆண்டுப் பதிப்பு வாங்கலாமா, பழைய சிடியே போதுமா?

மொட்டைமாடி ரேடியோ:

வணக்கம். எழுபதுகளில் வந்த ஒரு ராக் ஆல்பம். பெயரைச் சொன்னால் பதில் வருவதற்கு முன்னால் ரசிகர் சண்டை வந்துவிடும், அதனால் சொல்லவில்லை. அண்ணனின் கேசட்டில் ஆரம்பித்து, அப்புறம் சிடி வாங்கி, இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் நுழைவதற்குச் சற்று முன்னால் பாடகர் மூச்சை இழுப்பது மெல்லக் கேட்கும். அந்த இடத்துக்காகவே காத்திருப்பேன்.

போன மாதம் அதன் ஆண்டுவிழா ரீமாஸ்டரை, அதாவது ஒலியைத் திரும்பச் சரிசெய்த பதிப்பை, வாங்கினேன். முதல் பாட்டு அடேயப்பா என்றிருந்தது. எல்லாம் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நாலாவது பாட்டில் தலை கனத்தது. வால்யூமைக் குறைத்தேன், பாட்டில் உயிரே இல்லை. அந்த மூச்சு இப்போது நன்றாகவே கேட்கிறது. ஆனால் டிரம்ஸும் அதே சத்தத்தில்தான் வருகிறது. அப்புறம் அது நுழைந்து என்ன பயன்?

எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை சிடியில்தான் கோளாறா? இன்னொன்று. பீட்டில்ஸ் ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் 2022 பெட்டியை (பல சிடிகள் சேர்ந்த பதிப்பு)ப் பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாக வீட்டில் சொல்கிறார்கள். அதுவும் இப்படித்தான் இருக்குமா?

இடதுஸ்பீக்கர்:

ரீமாஸ்டர் என்றால் வால்யூமைக் கூட்டிப் புது அட்டை போடுவது, அவ்வளவுதான். பழைய சிடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பிறந்தநாளுக்கு வேறு ஏதாவது கேளுங்கள்.

டேப்புத்தாத்தா:

இடதுஸ்பீக்கர் பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், உங்கள் காதில் ஒன்றும் இல்லை. மூச்சும் டிரம்ஸும் ஒரே உயரத்தில் நிற்கின்றன என்று எழுதினீர்களே, அதற்கு மேல் எந்த மீட்டரும் சொல்லப்போவதில்லை. சிடியில் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேல் ஒரு துளிகூட ஏற்ற முடியாது. டிரம்ஸ் அடியின் நுனி ஏற்கனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாட்டு மொத்தத்தையும் சத்தமாக்க வேண்டுமானால் அந்த நுனிகளை நசுக்கிவிட்டு, கீழே கிடப்பதையெல்லாம் தூக்கிவிட வேண்டும். லிமிட்டர் என்ற கருவிக்கு அதுதான் வேலை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இந்தப் போட்டி முற்றிப்போய், பழைய ஆல்பங்களின் மறுபதிப்புகளும் அதில் மாட்டிக்கொண்டன.

நான் பதினோரு வருடம் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை பார்த்தவன். ராக் டேப் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை, எல்லாம் பேச்சும் நாடகமும்தான். ஆனால் டேப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில ரகங்களில், காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் கீச்சென்று கத்தும், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தினால் கொஞ்ச காலத்துக்கு ஒழுங்காக ஓடும். அதற்குள் மாற்றிவிட வேண்டும். நான் முதல்முறை உலர்த்திய டேப் தடங்கலில்லாமல் ஓடியபோது எழுந்து நின்றுவிட்டேன். அதனால் ரீமாஸ்டர் என்ற சொல்லையே கேலி செய்தால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். ஒழுங்காகச் செய்தால் அது நல்ல வேலை. எண்பதுகளில் வந்த முதல் சிடிகள் பலவற்றை மூல டேப்பிலிருந்து எடுக்கவில்லை. இசைத்தட்டு வெட்டுவதற்காகச் சரிக்கட்டி வைத்திருந்த நகல்களிலிருந்துதான் எடுத்தார்கள். ‘பழைய சிடியே உசத்தி’ என்பதும் எப்போதும் உண்மையில்லை.

இப்போது அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ரீமாஸ்டரா, ரீமிக்ஸா? ரீமாஸ்டர் என்பது எடுத்து முடித்த புகைப்படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்வது. ரீமிக்ஸ் என்பது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் புதிதாகக் கலப்பது, அதாவது அதே ஆட்களைத் திரும்ப வரிசைப்படுத்தி நிற்கவைப்பது. யார் முன்னால், யார் பின்னால், எல்லாம் மாறலாம்.

மூன்றாவது ரகம் ஒன்றும் உண்டு: ஆளையே மாற்றிவிடுவது. ஓஸி ஆஸ்பர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 2002-இல் மறுபதிப்பாக வந்தபோது, பாப் டெய்ஸ்லியின் பேஸ் கிட்டாரும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் அவற்றில் இல்லை. ராபர்ட் ட்ருஹியோவும் மைக் போர்டினும் புதிதாக வாசித்துச் சேர்த்திருந்தார்கள். பழைய இருவரும் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டிருந்த நேரம் அது. 2011 பதிப்பில்தான் அசல் வாசிப்பு திரும்பி வந்தது. இசட் இசட் டாப் குழுவின் பழைய ஆல்பங்களுக்கும் 1987 தொகுப்பில் இதுபோல ஒன்று நடந்தது. எழுபதுகளின் டிரம்ஸுக்கு எண்பதுகளின் எதிரொலியைப் பூசிவிட்டார்கள். மாற்றியது கலைஞரே என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’ ஆல்பத்தை 1997-இல் அதன் பாடகர் இகி பாப்பே ரீமிக்ஸ் செய்தார். சத்தத்துக்குப் பேர்போன சிடிகளில் அது ஒன்று. 2010 மறுபதிப்பில் டேவிட் போவியின் 1973 மிக்ஸ் திரும்பவும் வந்தது.

ரிவால்வர் விஷயம் வேறு. அது ரீமிக்ஸ், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1966-இல் நான்கு டிராக் டேப்தான், அதாவது நான்கு தனித்தனி ஒலித்தடங்கள் மட்டுமே. ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே டிராக்கில் கிடக்கின்றன. அதனால்தான் பழைய ஸ்டீரியோவில் மூன்றும் சேர்ந்து இடது பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். (இடதுஸ்பீக்கர், உங்கள் பெயர்க்காரணம் அதுதானே?) இயக்குநர் பீட்டர் ஜாக்ஸனின் ஆட்கள் பீட்டில்ஸ் பற்றிய ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடக்கும் வாத்தியங்களை அது பிரித்துக் கொடுக்கும். அதை வைத்துத்தான் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஓகெலும் டிரம்ஸை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அதே பெட்டியில் 1966 மோனோ மிக்ஸும் (இடது, வலது என்று பிரிக்காமல் எல்லாம் ஒன்றாக வருவது) தனி சிடியாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் இரண்டு சிடிகளையும் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டி போன்ற ஏதாவது இலவச மென்பொருளில் அந்த இரண்டாவது பாட்டைத் திறந்து பாருங்கள். அப்புறம் பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே சத்தத்தில் வரும்வரை புதியதைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். இது முக்கியம். ஒரு டெசிபல் கூடியிருந்தால் நம் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். முதல் பாட்டில் நீங்கள் சொன்ன அடேயப்பா அதுவாக இருக்கலாம்.

இடதுஸ்பீக்கர்:

பெயர்க்காரணம் அதுவேதான். ஹெட்போனில் இடது பக்கம் வேலை செய்யாமல் ரிவால்வர் கேட்டு வளர்ந்தவன் நான். ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் டிரம்ஸ் கிடையாது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் கேட்கிறேன் தாத்தா, மிக்ஸில் கை வைக்க இவர்கள் யார்? ‘சார்ஜெண்ட் பெப்பர்’ ஆல்பத்தில் 1967-இல் ஜார்ஜ் மார்ட்டின் செய்துவைத்ததை 2017-இல் மகன் மாற்றலாமா?

டேப்புத்தாத்தா:

நியாயமான கேள்வி. ஆனால் ‘சார்ஜெண்ட் பெப்பர்’ அதற்குச் சரியான உதாரணம் இல்லை. பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமல் சீக்கிரமாக முடித்தார்கள். ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் கொஞ்சம் வேகமாக, சுருதி தூக்கலாக இருக்கும். ஸ்டீரியோவில் தொய்ந்து போகும். 2017 ரீமிக்ஸ் மோனோவைப் பார்த்துச் செய்தது, அந்தப் பாட்டின் வேகமும் மோனோவில் உள்ளதுதான். இதில் யார் யாரை மாற்றினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆள் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய ராக் ஆல்பங்களை ரீமிக்ஸ் செய்யும் ஸ்டீவன் வில்சன் பெயர் அட்டையில் இருந்தால் நான் அவ்வளவாக யோசிப்பதில்லை. ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ 1971-இல் வந்தது. பாட்டெல்லாம் அற்புதம், ஒலி மட்டும் ஈரத்துணியைப் போட்டு மூடியது போலிருக்கும். 40-ஆம் ஆண்டுக்காக 2011-இல் அவர் செய்த ரீமிக்ஸில் அந்தத் துணியை எடுத்துவிட்டார். நான் பழைய சிடியை எடுத்தே வருடங்களாகின்றன.

நள்ளிரவு_ஹெட்போன்:

என் கட்சி வேறு. எந்த மிக்ஸ் உசத்தி என்று நான் கவலைப்படுவதில்லை, கூடவே வரும் மிச்சசொச்சத்துக்காகத்தான் பெட்டி வாங்குகிறேன். ரிவால்வர் பெட்டியில் ‘யெல்லோ சப்மரீன்’ பாட்டின் ஆரம்ப வடிவம் ஒன்றை ஜான் லென்னன் பாடுகிறார். குழந்தைகள் பாட்டு என்று நினைத்திருந்தது அழாத குறையாக இருக்கிறது. அப்புறம் ‘ரெய்ன்’. நாம் கேட்டுப் பழகியது வேகத்தைக் குறைத்த டேப். அவர்கள் நிஜமாக வாசித்த வேகத்திலேயே இதில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ மனிதரா என்று சந்தேகம் வரும்.

இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் எதற்கும் ஒருதடவை கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆனால் அங்கே பாட்டுகளின் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதி பெரும்பாலும் போட்டே இருக்கும். நசுக்கிய பாட்டு அதில் சத்தமாகக் கேட்காது, தட்டையாகத்தான் கேட்கும்.

மொட்டைமாடி ரேடியோ:

எல்லாருக்கும் நன்றி. தாத்தா சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்தேன். பழைய சிடியின் அலை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. புதியது செங்கல் அடுக்கிய மாதிரி, மேலே கத்தியால் சீவிவிட்டது போல. குரல் சமமாவதற்குப் புதியதை 7 டெசிபல் குறைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், மகள் மாற்றி மாற்றிப் போட்டாள். ஐந்தில் நாலு தடவை பழையதுக்கே கை தூக்கினேன். ஐந்தாவது தடவை புதியது. அது கடைசிப் பாட்டின் மெதுவான பகுதி. அங்கே பேஸ் கிட்டார்காரரின் விரல் கம்பியில் வழுக்குவது கேட்டது. இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. திரும்பப் பழைய சிடியைப் போட்டுத் தேடினேன். இரைச்சலுக்கு அடியில் அதிலும் இருக்கிறது, இப்போது தெரிகிறது.

டேப்புத்தாத்தா:

பார்த்தீர்களா. அந்த இடத்தில் நசுக்குவதற்கு டிரம்ஸ் இல்லை, நல்ல டேப்பிலிருந்து எடுத்தது மட்டும்தான் மிச்சம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவால்வர் பெட்டி வந்ததும் முதலில் மோனோ சிடியைப் போடுங்கள். ஒரே ஸ்பீக்கரில். இடதோ வலதோ, உங்கள் இஷ்டம்.